அற உளவியலில் பிஎச்டி: பெற்றோர் கவனிக்க வேண்டியவை

மகள் அமெரிக்காவில் தத்துவம் படித்துப் பேராசிரியர் ஆக வேண்டும் என்கிறாள், அதுவும் அறவியலும் உளவியலும் சேரும் இடத்தில். உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் படிப்புச் செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். நல்ல துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருகின்றன. பதிலுக்கு மாணவர் இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்க வேண்டும், தாள் திருத்த வேண்டும். நிதி இல்லாமல் இடம் மட்டும் கிடைத்தால் மறுத்துவிடுங்கள். கடன் வாங்கிப் படிக்கிற படிப்பு இல்லை இது.

பயப்பட வேண்டியது வேலையை நினைத்து. ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் படித்து முடித்தாலும் நிரந்தரமாகக்கூடிய பணியிடங்கள் குறைவு. பலர் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தங்களில் ஊர் ஊராக மாறுகிறார்கள். எந்த ஊரில் வேலை என்பது பெரும்பாலும் நம் கையில் இருக்காது.

விண்ணப்பத்தில் அதிக எடை ரைட்டிங் சாம்பிளுக்குத்தான், அதாவது மாணவரே எழுதி அனுப்பும் தத்துவக் கட்டுரைக்கு. பெரும்பாலும் 15–20 பக்கம் கேட்பார்கள். நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். 'கான்ட் முதல் மில் வரை' என்று பல தத்துவவாதிகளைப் பற்றிப் பாடநூல் சுருக்கம் எழுதி அனுப்புகிறார்கள். கேட்பது ஒரே ஒரு வாதம், அதற்கு வரக்கூடிய வலுவான எதிர்ப்பு, அதற்குப் பதில். உதாரணத்துக்கு, 1973இல் வெளியான டார்லி–பேட்சன் ஆய்வு. பிரின்ஸ்டன் இறையியல் மாணவர்கள் 40 பேர், தங்களுக்காக ஒருவர் காத்திருந்த அடுத்த கட்டடத்துக்குப் போகும் வழியில், துவண்டு கிடந்த ஒருவரைக் கடக்க வேண்டியிருந்தது. அவசரம் இல்லாதவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள், மிகுந்த அவசரத்தில் இருந்தவர்களில் 10 சதவீதம் பேர்தான். ஆகவே 'நற்குணம்' என்று உறுதியான ஒன்று இல்லை என்று சில தத்துவவாதிகள் வாதிட்டார்கள். ஆனால் தனக்காகக் காத்திருப்பவரிடம் நேரத்துக்குப் போய்ச் சேருவதும் ஒரு கடமைதானே? அந்த ஒரு கேள்வியை வைத்தே 15 பக்கம் எழுதலாம். 40 பேரை வைத்து எவ்வளவு சொல்ல முடியும் என்று எடைபோட அடிப்படைப் புள்ளியியலும் தெரிந்திருக்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதங்கள் பொதுவாக மூன்று. அவள் எழுதியதைப் படித்துத் திருத்திய தத்துவ ஆசிரியர் தருவதே செல்லும். பொறியியல் துறைத் தலைவரின் புகழுரை உதவாது. அப்படிப்பட்ட ஆசிரியர் இல்லையென்றால் முதலில் எம்.ஏ. படிக்கட்டும்.

இங்கேயே எம்.ஏ. படித்தால் இன்னொரு வழியும் திறந்திருக்கும். பொதுப் பிரிவினர் 55 சதவீத மதிப்பெண்ணோடு, கல்லூரி ஆசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தகுதித் தேர்வான யுஜிசி நெட் எழுதலாம். அந்த உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப்.க்குப் பொதுப் பிரிவில் வயது வரம்பு 30 என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அமெரிக்க விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில். நிதியோடு வரும் இடத்துக்குப் பதில் சொல்ல பல பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும். காத்திருப்புப் பட்டியல் நகர்வதும் அந்தக் கடைசி நாட்களில்தான். அதுவரை நிதியில்லாத இடம் எதற்கும் முன்பணம் கட்டிவிடாதீர்கள்.