மெனுவில் போட மெதுவடையின் கலோரியைக் கணக்கிடுவது எப்படி?

உங்கள் உணவகத்துக்குப் பத்து கிளைகளோ, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) மத்திய உரிமமோ இருந்தால் மெனுவில் கலோரி போட்டாக வேண்டும். இணையத்தில் கிடைக்கும் எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் வடை குடிக்கும் எண்ணெய் உங்கள் சமையலறையில்தான் தெரியும்.

உளுந்தை ஊறப்போடும் முன்பே எடை போடுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: ஊறி அரைத்த மாவில் பாதிக்கு மேல் தண்ணீர், அதற்குக் கலோரி கிடையாது. உலர்ந்த உளுந்து 100 கிராமுக்குச் சுமார் 340 கலோரி.

அடுத்து எண்ணெய். வாணலியில் ஊற்றியதையும் இடையில் சேர்த்ததையும் கூட்டி, ஆறியபின் மிஞ்சியதையும் வடிதட்டில் சொட்டியதையும் கழியுங்கள். கிராமுக்கு 9 கலோரி. லிட்டரில் அளந்தால் கணக்கு தப்பும். ஒரு லிட்டர் ஏறத்தாழ 920 கிராம்தான்.

ஒரு கிலோ உளுந்தில் 50 வடை, செலவான எண்ணெய் 400 கிராம் என்று வையுங்கள்: 3,400 + 3,600 = 7,000; வடைக்கு 140. பாதிக்கு மேல் எண்ணெய்க் கணக்கு, கவனித்தீர்களா? மாவு தளர்ந்தாலோ, எண்ணெய் 170 டிகிரிக்குக் கீழே இறங்கினாலோ, ஒரே ஈட்டில் வாணலி நிறையப் போட்டாலோ இன்னும் ஏறும். வெங்காயம், மிளகாயை விட்டுவிடலாம். தேங்காய்ச் சட்னிக்குத் தனிக் கணக்கு. மாஸ்டர் மாறினால் மறுபடி அளக்க வேண்டும்.