‘வெளியே போ’ – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஆப்பிரிக்கச் சர்வாதிகாரிகள் பற்றிய உங்கள் குறிப்பில் காம்பியாவின் யாஹ்யா ஜாமேயை நாலே வரியில் தள்ளிவிட்டுப் போயிருந்தீர்கள். 2015 ஜூனில் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் தூதரை 72 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னதை ஏதோ கோமாளித்தனம் மாதிரி எழுதியிருந்தீர்கள். அது எனக்கு உறுத்தியது.

காம்பியா ஆற்றங்கரையில் முந்நூறு வருடம் மனிதர்களைப் பிடித்துக் கப்பலில் ஏற்றியவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வந்து மனித உரிமைப் பாடம் எடுத்தால் கைகட்டிக் கேட்க வேண்டுமா? இருபது லட்சம் பேர் உள்ள சின்ன நாடு ‘உன் காசும் வேண்டாம், நீயும் வேண்டாம், வெளியே போ’ என்று சொன்னால் அது தன்மானம் இல்லையா? எண்ணெய் வைத்திருக்கும் நாட்டிடம் இவர்கள் இப்படிப் பேசுவார்களா? உதவியை நிறுத்தினால் வயிறு காய்வது ஏழைக்குத்தானே, அதிபருக்கு இல்லையே?

கோபத்தில் எழுதவில்லை. பதில் எதிர்பார்க்கிறேன். என் பெயரை வெளியிட வேண்டாம்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

நாலு வரியில் தள்ளிவிட்டது என் தப்புதான். கோமாளி என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை, அந்தச் சோம்பல்தான். ஜாமே அதற்குத் தோதாகவும் இருந்தார். பெயருக்கு முன்னால் ஷேக், பேராசிரியர், அல்ஹாஜி, டாக்டர் என்று ஒரு முழ நீளப் பட்டம். அல்லா நினைத்தால் நூறு கோடி வருடம் ஆள்வேன் என்று 2011இல் பிபிசியிடம் சொன்னவர். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் கை சும்மா இருக்காது. ஆனால் அவரிடம் அகப்பட்டவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

ஆற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். காம்பியா ஆற்றின் நடுவே ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஆங்கிலேயர் அதற்கு ஜேம்ஸ் தீவு என்று பெயர் வைத்துக் கோட்டை நடத்தினார்கள். அடிமை வணிகத்தின் சாட்சி என்று 2003இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2011இல், ‘ரூட்ஸ்’ நாவலில் அடிமையாகப் பிடிபடும் காம்பிய இளைஞனின் பெயரில், குண்டா கிண்டே தீவு என்று பெயரை மாற்றினார்கள். மாற்றியது ஜாமேயின் ஆட்சிதான். அது நல்ல காரியம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் தகராறு வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: பாடம் எடுக்கும் ஐரோப்பா, கேட்க மறுக்கும் ஜாமே. மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு, அவர் காம்பியாக்காரர். ஐரோப்பா வாயைத் திறப்பதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பேசிக்கொண்டிருந்தவர்.

மரண தண்டனையையே எடுத்துக்கொள்வோம். 2012 ஆகஸ்டில் மைல் டூ சிறையில் ஒன்பது கைதிகளை ஒரே மூச்சில் கொன்றார்கள். அவர்களில் இருவர் செனகல் நாட்டவர். ஐரோப்பிய ஒன்றியம் கண்டித்தது. அடுத்த சில மாதங்களில் 17 கோரிக்கைகள் கொண்ட பட்டியல் ஒன்று வந்தது. தூக்கை ஒழி, மூடிய பத்திரிகைகளையும் வானொலியையும் திற என்பதெல்லாம் அதில் உண்டு. 2013 ஜனவரியில் ஜாமே பேச்சுவார்த்தையை முறித்தார். அந்நியர் சொல்லி நாங்கள் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்ற தோரணை. சரி. ஆனால் காம்பியா மரண தண்டனையை 1993லேயே ஒழித்துவிட்டது! யாரும் மிரட்டவில்லை. கிளாஸ்கோவில் கால்நடை மருத்துவம் படித்து வந்த தாவ்தா ஜவாராவின் அரசு, தானாக யோசித்துச் செய்த வேலை அது. 1994 ஜூலையில் 29 வயது ராணுவ லெப்டினன்ட் ஒருவர் ஜவாராவைக் கவிழ்த்தார். 1995இல் தூக்கு திரும்பி வந்தது. லெப்டினன்ட் யார் என்று உங்களுக்குத் தெரியும். இதில் எது அந்த ஊர்ச் சரக்கு, எது வெளிச் சரக்கு?

இன்னொன்று. ஆப்பிரிக்க நாடுகள் தமக்கென்று எழுதிக்கொண்ட மனித உரிமைச் சாசனத்துக்கு ‘பான்ஜுல் சாசனம்’ என்றுதான் பெயர். பான்ஜுல் காம்பியாவின் தலைநகரம். 1980களின் தொடக்கத்தில் அங்கே கூடி உட்கார்ந்துதான் வரைவை முடித்தார்கள். அந்தச் சாசனத்தைக் காக்கும் ஆணையத்தின் தலைமையகமும் அதே ஊரில்தான், ஜாமே ஆண்ட 22 வருடமும் அங்கேதான் இருந்தது.

அப்புறம் எகோவாஸ் நீதிமன்றம், அதாவது மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நடத்தும் நீதிமன்றம். நீதிபதிகள் எல்லோரும் ஆப்பிரிக்கர்கள். 2006இல் பிடித்துப்போய்க் காணாமல் ஆக்கிய பத்திரிகையாளர் எப்ரிமா மன்னே வழக்கில் 2008இல் காம்பியாவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. சித்திரவதைப்பட்ட பத்திரிகை ஆசிரியர் மூசா சைதிகான் வழக்கில் 2010இல். டெய்டா ஹைடாரா வழக்கில் 2014இல். மூன்றையும் ஜாமே குப்பையில் போட்டார். இதில் எங்கே இருக்கிறது ஐரோப்பாவை எதிர்த்த தன்மானம்?

ஹைடாராவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ‘தி பாயிண்ட்’ என்ற நாளிதழைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘காலை வணக்கம், அதிபரே’ என்ற தலைப்பில் ஒரு பத்தி எழுதுவார். தலைப்பிலேயே ஆளின் குணம் தெரிகிறது பாருங்கள்: வணக்கம் போட்டுவிட்டுத்தான் கேள்வி கேட்பார். 2004 டிசம்பர் 16 அன்று பத்திரிகைக்குப் பதின்மூன்றாவது பிறந்தநாள். கொண்டாட்டம் முடிந்த ராத்திரியில், அலுவலகத்தில் வேலை பார்க்கும் இரண்டு பெண்களை வீட்டில் விடுவதற்காகக் காரை ஓட்டிப் போனார். வழியில் சுட்டுக் கொன்றார்கள். பத்திரிகைகளின் குரல்வளையை நெரிக்கும் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய அதே வாரம். கொன்றது அதிபரின் ‘ஜங்லர்ஸ்’ என்ற கொலைப்படை என்று ஊருக்கே தெரியும். அதை வெளிப்படையாகச் சொல்லப் பதினைந்து வருடம் ஆயிற்று. 2019இல், ஜாமே போன பிறகு அவருடைய ஆட்சியின் குற்றங்களை விசாரிக்க அமைத்த உண்மை ஆணையத்தின் முன்னால் அந்தப் படைக்காரர் ஒருவரே உட்கார்ந்து, ஆமாம், நானும் சுட்டேன், உத்தரவு மேலிடத்திலிருந்து வந்தது என்றார். நாடே நேரலையில் பார்த்தது.

‘வெளியே போ’ என்பதையும் ஜாமே வெள்ளைக்காரர்களிடம் மட்டும் சொல்லவில்லை. 2007இல் எய்ட்ஸைத் தன் மூலிகையால் குணமாக்குவதாக அறிவித்தார். நோயாளிகளை வரிசையாகப் படுக்கவைத்துத் தன் கையால் மருந்தைத் தேய்த்தார். தொலைக்காட்சியில் காட்டினார்கள். உண்மையான மாத்திரைகளை நிறுத்தவும் சொன்னார். இது ஆபத்து என்று சொன்ன ஐ.நா. பிரதிநிதியை நாட்டைவிட்டுத் துரத்தினார். அந்த அம்மா ஜிம்பாப்வேக்காரர். அவருடைய பாட்டனார் எந்தக் கப்பலிலும் யாரையும் ஏற்றியவர் இல்லை.

உதவி நிறுத்தம் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. 2014 டிசம்பரில் ஒன்றியம் நிறுத்திவைத்தது 1.3 கோடி யூரோ. அந்த அளவு நாட்டுக்கு அது சில்லறை இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் எந்த மருந்து குறைந்தது என்று கணக்குப் போட்டால் பழி நிச்சயம் ஐரோப்பா பக்கமும் போகும். பணத்தை நிறுத்தி மனித உரிமை வளர்ந்த கதையை நான் அதிகம் கேள்விப்பட்டதில்லை. காம்பியாவிலும் அது வளரவில்லை. மறு வருடமே தூதரைத் துரத்தினார், 2015 டிசம்பரில் இஸ்லாமியக் குடியரசு என்று அறிவித்தார். அதற்காகக் கணக்கின் இன்னொரு பக்கத்தைப் பார்க்காமல் விட முடியாது. ஜாமே போன பிறகு வந்த சட்ட அமைச்சர் முதல் கட்டமாகச் சொன்னது, குறைந்தது 5 கோடி டாலரை அதிபர் சுருட்டியிருக்கிறார் என்று. அமெரிக்காவின் மேரிலாந்தில் 35 லட்சம் டாலருக்கு வாங்கிய மாளிகை ஒன்றும் வெளியே வந்தது. ‘உன் காசு வேண்டாம்’ என்று சொன்னவர் வீடு வாங்கிய இடம் அது!

இனி நீங்கள் எழுதாமல் விட்டதைச் சொல்கிறேன். உங்கள் வாதத்துக்கு இதுதான் பலம் சேர்க்கும். அதற்கு 2016 தேர்தலிலிருந்து தொடங்க வேண்டும்.

காம்பியாவில் ஓட்டுப் போட்டது கோலிக்குண்டால், 2021 அதிபர் தேர்தலில்கூட. வாக்குச்சாவடிக்குள் ஒரு மறைப்பு, அதற்குள் வண்ணம் பூசிய தகர டிரம்கள், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று. டிரம்மின் மேல் ஒரு குழாய். அதிகாரி தரும் ஒற்றைக் கோலியை அந்தக் குழாயில் போட்டால் அது உருண்டு போய் உள்ளே மணியில் மோதும், ‘டிங்’ என்று ஒரு சத்தம். கோலி விழும் சத்தம் கேட்டுக் குழப்பக் கூடாது என்று அடியில் மணலோ மரத்தூளோ போட்டிருப்பார்கள். இரண்டாவது தடவை மணி அடித்தால் யாரோ ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். மணிச்சத்தம் குழம்பிவிடும் என்பதால் வாக்குச்சாவடிப் பக்கம் சைக்கிளுக்கே தடை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் பிடிபடுகிற முறை.

2016 டிசம்பர் 1 அன்று இணையம் வெட்டு, வெளிநாட்டு அழைப்புகள் வெட்டு, ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை. கோலிகளை எண்ணினால் எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளர் அடாமா பாரோ ஜெயித்திருந்தார். ஜாமே தொலைக்காட்சி கேமரா முன்னால் பாரோவை போனில் கூப்பிட்டுச் சிரித்தபடி வாழ்த்தினார். ஒரே வாரத்தில், முடிவை ஏற்க மாட்டேன் என்று புரண்டார். ‘காம்பியா முடிவு செய்துவிட்டது’ என்று அச்சடித்த சட்டையைப் போட்டுக்கொண்டு மக்கள் நடமாடினார்கள், அதற்கே கைது. பாரோ செனகல் தலைநகர் டக்காரில் காம்பியத் தூதரகத்துக்குள் பதவி ஏற்க வேண்டியிருந்தது. கடைசியில் ஜாமேயை நகர்த்தியது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் இல்லை, எல்லையைத் தாண்டிய எகோவாஸ் படை. 2017 ஜனவரி 21 அன்று விமானம் ஏறினார். அவருடைய கார்கள் தனியாகச் சரக்கு விமானத்தில் போயின. போன ஊர் ஈக்குவடோரியல் கினியா. எண்ணெய் நாடு, 1979இலிருந்து ஒரே அதிபர். எண்ணெய் நாட்டிடம் இப்படிப் பேசுவார்களா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் அந்த ஊரிலேயே இருக்கிறது.

ஐரோப்பா உடனே பையைத் திறந்தது. அந்தப் பிப்ரவரியிலேயே 7.5 கோடி யூரோ தருவதாகச் சொன்னது, மொத்தம் 22.5 கோடி என்றது. படமெல்லாம் நன்றாக இருந்தது. ஆனால் அதற்குள் அந்த ஊர் இளைஞர்கள் ‘பேக்வே’ என்று சொல்லும் வழியில் ஆயிரக்கணக்கில் போய்விட்டிருந்தார்கள். சகாராவைக் கடந்து லிபியா, அங்கிருந்து படகில் இத்தாலி. கொல்லைப்புற வழி என்பதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். 2016இல் மட்டும் இத்தாலியில் கரையேறிய காம்பியர்கள் கிட்டத்தட்ட 12,000. இருபது லட்சத்தில் பன்னிரண்டாயிரம்! சர்வாதிகாரி போய்விட்டார், இனிமேல் உங்களுக்கு அடைக்கலம் எதற்கு, திரும்பிப் போங்கள் என்றது ஐரோப்பா. அப்படிப் போன இளைஞர்கள் அனுப்பும் பணத்தில் காம்பியாவில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2019இல் ஜெர்மனி விமானம் விமானமாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்கத் தொடங்கியபோது ஊரில் கொந்தளிப்பு. பாரோ அரசு அதைத் தற்காலிகமாக நிறுத்தியது.

அதற்குத்தான் தண்டனை வந்தது. 2021 அக்டோபரில் காம்பியர்களுக்கு விசா விதிகளை ஒன்றியம் இறுக்கியது. 15 நாளில் கிடைக்க வேண்டியதற்கு 45 நாள். ஒரே விசாவில் பலமுறை போய்வரும் வசதி இல்லை. அடுத்த மாதம், நவம்பர் 25 அன்று, உண்மை ஆணையம் தன் அறிக்கையை அதிபர் கையில் கொடுத்தது. ஏறக்குறைய 390 பேரின் சாட்சியம், ஜாமே ஆட்சியில் சுமார் 240 சாவுகள். மனித உரிமைக்காக ஐரோப்பா 17 கோரிக்கை நீட்டியதே, அதே நாடு, தானே தன் குற்றங்களைத் தோண்டி எடுத்து மேசையில் வைக்கிற நேரத்தில் கையில் கிடைத்தது இறுக்கிய விசா. 2022 டிசம்பரில் கட்டணத்தை 80 யூரோவிலிருந்து 120 ஆக்கினார்கள். ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் காம்பியா கொஞ்சம் இணங்கியதும் 2024இல் அந்தக் கட்டண உயர்வை மட்டும் நீக்கினார்கள்.

ஆகவே, ஐரோப்பாவின் நேர்மை மேல் உங்களுக்கு உள்ள சந்தேகம் எனக்கும் உண்டு. உங்களைவிட ஒரு படி அதிகம் என்றுகூடச் சொல்வேன். பாரோ அந்த விமானங்களைத் தடுத்தபோது செய்ததைத் தன்மானம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அது குடிமக்கள் கேட்டு, குடிமக்களுக்காகச் செய்தது. அதே சொல்லை 2015க்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஜாமே விரட்டியது ஐரோப்பியரை என்பது சரி. எதற்காக? ஹைடாராவைக் கொன்றது யார் என்று யாரும் சத்தமாகக் கேட்கக் கூடாது என்பதற்காக. அந்தக் கேள்வி பிரஸ்ஸல்ஸில் பிறந்தது இல்லை.

கடைசியாக ஒரு ஆள். உஸ்மான் சோன்கோ. பத்து வருடம் ஜாமேயின் உள்துறை அமைச்சர். ஒன்றியத் தூதருக்கு 72 மணி நேரக் கெடு வைத்த அன்றும் அவர்தான் அந்த நாற்காலியில். 2016 செப்டம்பரில் ஜாமே அவரை நீக்கியதும் உயிருக்குப் பயந்து ஓடினார். எங்கே என்று நினைக்கிறீர்கள்? முதலில் ஸ்வீடன், அப்புறம் ஸ்விட்சர்லாந்து. இரண்டு இடத்திலும் அடைக்கலம் கேட்டார். 2017 ஜனவரியில் ஸ்விட்சர்லாந்தில் பிடித்தார்கள். 2024 மே மாதம் அந்நாட்டின் பெலின்சோனா நகர நீதிமன்றம் மானுடத்துக்கு எதிரான குற்றங்களுக்காக அவருக்கு 20 வருடம் கொடுத்தது. விசாரணை ஜெர்மன் மொழியில் நடந்தது. காம்பியாவிலிருந்து வந்து உட்கார்ந்த பத்திரிகையாளர்களுக்கு மொழிபெயர்ப்பு கொடுக்க நீதிமன்றம் முன்வரவில்லை என்று அவர்கள் அப்போதே குறைப்பட்டார்கள்.

அன்புடன்.