இரண்டு லைன் இருந்தும் நெட் ஏன் நிற்கிறது?

கேள்வி: எங்கள் பின்னலாடை அலுவலகத்தில் இரண்டு நிறுவனங்களிடம் தலா 100 எம்பிபிஎஸ் ஃபைபர் வாங்கி, லோடு பேலன்சிங் ரவுட்டரில் (சுமையை இரண்டு லைனுக்கும் பங்கிடும் கருவி) சேர்த்திருக்கிறோம். ஆனாலும் பெரிய ஃபைல் இறக்கும்போது வேகம் 100-ஐத் தாண்டுவதில்லை. வங்கித் தளம் பாதியிலேயே லாக்அவுட் செய்துவிடுகிறது. போன மாதம் இரண்டு லைனும் ஒன்றாகவே போய்விட்டன. என்ன செய்வது?
– வாசகர், திருப்பூர்

பதில்: கடைசியாகச் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் பணம் வீணாவது அங்கேதான்.

இரண்டு கம்பெனி என்றால் இரண்டு பாதை என்று அர்த்தமில்லை. தெருவில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். இரண்டு கேபிளும் ஒரே ஈ.பி. கம்பத்தில் தொங்கினால் உயரமாகச் சரக்கேற்றிய ஒரு லாரி போதும். மண்ணுக்கடியில் ஒரே பள்ளத்தில் போனால் ஒரு பொக்லைன் போதும். பெரிய இடங்களும் இதில் தப்பவில்லை. 2001 ஜூலை 18 அன்று அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஹோவர்ட் தெரு ரயில் சுரங்கத்துக்குள் சரக்கு ரயில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பல நிறுவனங்களின் ஃபைபர் அந்த ஒரே சுரங்கத்தின் வழியாகத்தான் போயிருந்தது. 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா பக்கம் சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடி கேபிள்களும் அறுந்து, இந்தியாவில் இணையம் தடுமாறியது. உரிமையாளர்கள் வேறு, கடல் ஒன்று.

அதனால் இரண்டாவது லைனை 5ஜி ஆகவோ, மொட்டைமாடியில் வைக்கும் வயர்லெஸ் இணைய டிஷ் வழியாகவோ வாங்குங்கள். வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. டவருக்குப் பின்னாலும் ஃபைபர்தான் ஓடும், ஆனால் அது உங்கள் தெருக் கம்பத்தை நம்பி இல்லை. இரண்டு மோடமும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வேகம் 100-ஐத் தாண்டாதது பழுதல்ல. ரவுட்டர் ஒவ்வொரு இணைப்பையும் ஏதாவது ஒரு லைனில் ஏற்றிவிடும். ஒரே இணைப்பைப் பிரித்து இரண்டிலும் அனுப்பாது. இரண்டு லைனுக்கும் ஐபி முகவரி (இணையத்தில் உங்களை அடையாளம் காட்டும் எண்) வேறு. நடுவில் முகவரி மாறினால் எதிர்முனை உங்களை வேறு ஆள் என்றே எடுத்துக்கொள்ளும். முப்பது பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் அந்த 200-ம் பயன்படும்.

வங்கித் தளம் வெளியேற்றுவதும் இதனால்தான். அக்கவுண்ட்ஸ் கணினிகளை எப்போதும் முதல் லைனிலேயே போகும்படியும், அது செத்தால் மட்டும் இரண்டாவதுக்கு மாறும்படியும் ரவுட்டரில் விதி எழுதச் சொல்லுங்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. மதிய நேரத்தில் இரண்டு லைனும் தலா 70 எம்பிபிஎஸ் ஓடுகின்றன என்றால், ஒன்று போனதும் 140 வந்து 100-இல் முட்டும். அப்போது எதை நிறுத்துவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். கேமரா பேக்கப் காத்திருக்கலாம், ஷிப்பிங் பில் காத்திருக்காது.

அப்புறம், லைன் செத்ததை ரவுட்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று கேளுங்கள். ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பார்த்தேன். மூன்று தெரு தள்ளி ஃபைபர் அறுந்து கிடக்கிறது, ரவுட்டரோ பாதிப் பேரை அந்தச் செத்த லைனிலேயே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அது பிங் செய்து, அதாவது பதில் வருகிறதா என்று சின்னச் செய்தி அனுப்பி, பார்த்தது பக்கத்தில் இருக்கும் மோடத்தை மட்டும்! வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8, கிளவுட்ஃப்ளேரின் 1.1.1.1 ஆகிய இரண்டு பொது முகவரிகளையும் பிங் செய்ய வையுங்கள். இரண்டும் தொடர்ந்து மூன்று முறை பதில் தராவிட்டால் மட்டும் லைன் மாறட்டும், இல்லையென்றால் நிமிடத்துக்கு நிமிடம் மாறி எல்லோரையும் படுத்தும்.

சோதிக்கும்போது லேன் கேபிளைப் பிடுங்காதீர்கள். அதை எந்த ரவுட்டரும் உடனே கண்டுபிடித்துவிடும். மோடத்தின் பின்னால் இருக்கும் ஃபைபரைக் கழற்றுங்கள், முனைக்கு மூடி போடுங்கள், கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: ஃபைபர் போய் 4ஜிக்கு மாறியதும் கடை கேமராவை வீட்டிலிருந்து பார்க்க முடியவில்லையே?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: லைன் மாறுவது உள்ளிருந்து வெளியே போகும் போக்குவரத்துக்குத்தான் உதவும். மொபைல் லைனில் பொதுவாக ஒரே ஐபி முகவரியைப் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள், அதனால் வெளியிலிருந்து உங்கள் கடைக்குள் நுழைய வழியில்லை. கேமரா ரெக்கார்டருடன் வரும் கிளவுட் செயலியை இயக்குங்கள். அப்போது ரெக்கார்டரே வெளியே வந்து இணைந்துகொள்ளும், எந்த லைன் என்றாலும் படம் தெரியும்.