கேள்வி பதில்: கல்லமேட்டு எலும்பும் பாட்லியா முட்டைகளும்

இந்தியாவின் டைனோசர்களைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் விடையளித்திருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

உலகிலேயே மிகப் பெரிய டைனோசரின் எலும்பு எங்கள் மாவட்டத்தில் கிடைத்ததாகச் சொல்கிறார்கள். அது உண்மையா? உண்மையென்றால் அதை எங்கே சென்று பார்க்கலாம்? (ஆசிரியர் ஒருவர், அரியலூர்)

எலும்பு கிடைத்தது உண்மை. அதை எங்கு சென்றும் பார்க்க முடியாது என்பதும் உண்மை.

அரியலூருக்கு அருகில் உள்ள கல்லமேட்டில், டைனோசர்களின் கடைசி யுகமான கிரெட்டேசியஸ் காலத்தின் இறுதியில் ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த மணலும் களிமண்ணும் படிந்த பாறை அடுக்குகள் உள்ளன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் அங்கே கண்டெடுத்த எலும்புகளை 1987-இல் விவரித்து, அந்த விலங்குக்குப் பிருஹத்காயோசாரஸ் மேட்லியை என்று பெயரிட்டார்கள். பேருடல் கொண்டது என்பது பெயரின் பொருள். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் பிருஹதீஸ்வரரின் பெயரில் வருகிற அதே 'பிருஹத்' தான் இதிலும் வருகிறது. அந்த ஊரும் உங்கள் மாவட்டத்திலேயே இருப்பது இனிய தற்செயல்.

கிடைத்தவை இடுப்பெலும்பு ஒன்று, தொடை எலும்பின் ஒரு பகுதி, கீழ்க்கால் எலும்பு, முன்கால் எலும்பு ஒன்று, வால் கணு (முதுகெலும்புத் தொடரின் ஒரு துண்டு) ஒன்று ஆகியவை மட்டுமே. இவற்றில் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று பதிவாகியுள்ளது. அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பே 1.55 மீட்டர் தான் என்பதை நினைத்துக்கொண்டால், இந்த எண் ஏன் உலகெங்கும் பேசப்படுகிறது என்பது விளங்கும். 2023-இல் வெளியான ஒரு மதிப்பீடு இதன் எடை 110 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்கிறது. 3 டன் எடையுள்ள கோயில் யானைகள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றை ஒன்றாக நிறுத்தினால்தான் அந்த எடைக்கு ஈடாகும்.

இத்தனைக்கும் முதலில் எழுதியவர்கள் இதை இரு கால்களில் நடந்த ஊனுண்ணியாகக் கருதியிருந்தார்கள். நீண்ட கழுத்தும் நான்கு கால்களும் கொண்ட தாவர உண்ணிகளின் வகையில் இதைச் சேர்க்க வேண்டும் என்ற திருத்தம் 1995-இல் தான் வந்தது. மூலக் கட்டுரையில் இருந்தவை சில கோட்டுப் படங்களே என்பதால், இது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரத்துண்டாக இருக்கலாம் என்று ஐயுற்றவர்களும் உண்டு.

ஐயத்தைத் தீர்க்க எலும்பை எடுத்துப் பார்த்தால் போதுமே என்று நீங்கள் கேட்கலாம். அந்த எலும்பு இன்று இல்லை. களிமண்ணில் புதைந்த எலும்பு, மழையில் ஊறி வெயிலில் உலர்ந்து பல பருவங்களைக் கண்டதாக இருந்தால், தோண்டி எடுக்கும்போதே பொடியத் தொடங்கிவிடும். கல்லமேட்டு எலும்புகளும் அவ்வாறே சிதைந்து அழிந்துபோனதாக, அவற்றைக் கண்டெடுத்தவர்களில் ஒருவரான அய்யாசாமி பங்கேற்ற ஆய்வுக் கட்டுரை 2017-இல் பதிவு செய்தது. களத்தில் அக்காலத்தில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்கள் 2022-இல் வெளியானபோது, அவை மரமல்ல, எலும்புகளே என்று பலர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் படத்தை வைத்து ஒரு விலங்கை உலகின் முதலிடத்தில் அமர்த்துவது அறிவியலுக்கு ஒவ்வாது. ஆகவே உங்கள் மாணவர்களிடம் 'உலகிலேயே மிகப் பெரியது' என்று சொல்வதைவிட, 'மிகப் பெரியதாக இருந்திருக்கக்கூடியது' என்று சொல்வதே சரி. வாரணவாசியில் உள்ள அருங்காட்சியகத்துக்கு அவர்களை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் மாவட்டத்தின் மேல் கடல் கிடந்த காலத்தின் எச்சங்களையாவது அங்கே நேரில் காணலாம்.

திராவிடோசாரஸ் என்று ஒரு டைனோசர் உண்டா, அல்லது இது யாரோ கட்டிவிட்ட பெயரா? (கல்லூரி மாணவி, மதுரை)

பெயர் உண்மையானது. முன்பு சொன்ன அதே இரு அறிஞர்கள் 1979-இல் அரியலூர் வட்டாரத்துப் பாறைகளிலிருந்து திராவிடோசாரஸ் பிளான்ஃபோர்டி என்ற இனத்தை அறிவித்தார்கள். பின்பாதிப் பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்பகுதியின் நிலவியலை ஆராய்ந்த பிளான்ஃபோர்டைக் குறிக்கிறது. முதுகில் தகடுகள் கொண்ட ஸ்டெகோசாரஸ் வகையைச் சேர்ந்தது இது என்றும், அவ்வகை மற்ற இடங்களில் அழிந்த பின்பும் தென்னிந்தியாவில் நீடித்திருந்தது என்றும் அவர்கள் கருதினார்கள். அந்த இடத்தைப் பார்த்து ஆராய்ந்த தொல்லுயிரியல் அறிஞர் சங்கர் சாட்டர்ஜி, இது டைனோசரே அல்ல, பிளெசியோசார் என்னும் நீண்ட கழுத்துக் கடல் ஊர்வனத்தின் எலும்பு என்று 1991-இல் எழுதினார். அந்தப் பாறைகள் கடலில் படிந்தவை என்பதால் அவர் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பெயரில் உள்ள பெருமைக்காக ஒரு விலங்கின் இனத்தை முடிவு செய்ய இயலாதல்லவா?

இந்தியாவில் முதல் டைனோசர் எலும்பைக் கண்டெடுத்தவர் யார்? (வாசகர், கோயம்புத்தூர்)

வழிப்பறிக் கொள்ளையரான தக்கர்களை ஒடுக்கியதற்காக வரலாற்றில் பேசப்படும் வில்லியம் ஹென்றி ஸ்லீமன் தான். 1828-இல், ஜபல்பூரில் உள்ள பாரா சிம்லா என்னும் குன்றில் அவர் கல்லாகிய எலும்புகள் சிலவற்றைக் கண்டார். 'டைனோசர்' என்ற சொல்லை ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842-இல் என்பதால், தம் கையில் இருப்பது என்னவென்று ஸ்லீமன் அறிந்திருக்க வழியே இல்லை.

அந்த எலும்புகள் போன வழி சுவையானது. ஸ்லீமனிடமிருந்து ஸ்பில்ஸ்பரி என்ற மருத்துவருக்கும், அவரிடமிருந்து கல்கத்தாவில் இருந்த ஜேம்ஸ் பிரின்செப்புக்கும் அவை சென்றன. அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப் இவர். இறுதியில் 1877-இல் ரிச்சர்ட் லைடெக்கர் அந்த வால் கணு எலும்புகளை வைத்து டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்ற பெயரை நிறுவினார். உலகின் பல கண்டங்களில் கிடைத்துள்ள டைட்டனோசார்கள் என்னும் பெருங்குழுவுக்கே இந்தப் பெயர்தான் வேராயிற்று.

பிறகு மூல எலும்புகள் இருந்த இடமே தெரியாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் காணாமல்போனவை என்றே நூல்கள் குறித்துவந்த நிலையில், கொல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பிலேயே 2012-இல் ஒரு கணு எலும்பு மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. ஜபல்பூர் மண்ணிலிருந்து வெளிவர அதற்கு ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது போலவே, கிடங்கிலிருந்து வெளிவரவும் ஒரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டிருக்கிறது! இதற்கிடையே 2003-இல், அந்தக் கணுக்களில் தனி இனம் என்று பிரித்தறியத்தக்க அடையாளம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழுவின் பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைத் தந்த இனமோ ஐயத்துக்குரியதாகிவிட்டது.

கவிஞர் தாகூரின் பெயரில் ஒரு டைனோசர் இருக்கிறதாமே? அதைக் கண்டுபிடித்தது புள்ளியியல் நிறுவனம் என்றும் படித்தேன். கணக்குப் போடுகிறவர்களுக்கும் எலும்புக்கும் என்ன தொடர்பு? (ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், திருச்சி)

கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய மகலனோபிஸுக்கு எல்லா அறிவியலிலும் ஆர்வம் இருந்தது. லண்டனிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிரியல் அறிஞரை 1957-இல் வரவழைத்து, தம் நிறுவனத்திலேயே நிலவியல் ஆய்வுப் பிரிவு ஒன்றை அவர் தொடங்கச் செய்தார். அக்குழுவினர் கோதாவரிப் படுகையில், இன்றைய தெலங்கானா, மகாராஷ்டிர எல்லைப் பகுதியில் தேடியபோது, முந்நூறு அளவிலான எலும்புகள் ஒரே இடத்தில் கிடைத்தன. குறைந்தது ஆறு விலங்குகளுடையவை அவை. தாகூரின் நூற்றாண்டான 1961-ஐ ஒட்டிக் களப்பணி நடந்ததால் இனப்பெயர் 'டாகோரி' ஆயிற்று. 'பரா பா' என்றால் வங்காளியில் பெரிய கால். ஆக, 1975-இல் முறைப்படி அறிவிக்கப்பட்ட பெயர் பாராபாசாரஸ் டாகோரி.

ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில் வாழ்ந்த இது, பெரிய கழுத்து நீண்ட டைனோசர்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. தலை மட்டும் கிடைக்கவில்லை. கோர்த்து நிறுத்தப்பட்ட எலும்புக்கூட்டை அந்நிறுவனத்தின் நிலவியல் அருங்காட்சியகத்தில் காணலாம். அதே பாறைத் தொகுதியில் கிடைத்த கோட்டாசாரஸை ஹைதராபாத் பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். திருச்சியிலிருந்து அதுவே அருகில். மகாராஷ்டிரத்தின் டோங்கர்காவில் கிடைத்த மற்றொரு டைனோசருக்கு இசிசாரஸ் என்று பெயர். இதன் முன்பகுதி ஐசிஸ் என்னும் எகிப்திய தெய்வம் அன்று, புள்ளியியல் நிறுவனத்தின் ஆங்கில முதலெழுத்துகளான ஐ, எஸ், ஐ என்பனவே.

எங்கள் பகுதியில் மண் எடுக்கும்போது உருண்டைக் கற்கள் கிடைத்தால் உடனே டைனோசர் முட்டை என்கிறார்கள். எப்படி அடையாளம் காண்பது? (விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்)

2020-இல் குன்னம் பகுதியில் இதே பேச்சு எழுந்து, படங்கள் கைப்பேசிகளில் வேகமாகப் பரவின. பார்வையிட்ட நிலவியலாளர்கள், அவை ஆட்டுக்கிடாவின் கொம்பு போல் சுருண்ட அம்மோனைட் என்னும் கடலுயிரியைச் சுற்றித் தாதுக்கள் படிந்து உருண்டவை என்று விளக்கினார்கள். உங்கள் பகுதி கடலடியாக இருந்தது என்பதால் உருண்டைக் கல்லுக்கு முதலில் எண்ண வேண்டிய விளக்கம் இதுவே.

முட்டைக்கு ஓடு இருக்க வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள அந்தச் சுண்ண ஓட்டின் மேற்புறம் நுண்ணிய புள்ளிகள் புடைத்துத் தெரியும். நுண்ணோக்கியில் பார்த்தால் மூச்சுக்கான துளைகளும், செங்குத்தாக அடுக்கிய படிகங்களும் தென்படும். படிந்து உருண்ட கல்லோ வெங்காயம் போல் அடுக்கடுக்காகப் பிரியும். முட்டை பெரும்பாலும் தனியாகக் கிடைக்காது, கூட்டமாகவே இருக்கும்.

உண்மையான முட்டைகளைப் பார்க்க நர்மதைப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளும் அவற்றில் 256 முட்டைகளும் பதிவு செய்யப்பட்டிருப்பதாக 2023 ஜனவரியில் வெளியான ஆய்வு கூறியது. ஒவ்வொன்றும் 15 முதல் 17 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. கூடுகள் மிக நெருக்கமாக இருப்பதால், பெற்றோர் அடைகாத்திருக்க இடமே இல்லை; முட்டையிட்டு மண் மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். அதே மாவட்டத்தின் பாட்லியா கிராமத்தில், உருண்டைக் கற்களைக் காகர் பைரவ் என்று வயலையும் கால்நடையையும் காக்கும் தெய்வமாக மக்கள் வழிபட்டுவந்தார்கள். அவை டைனோசர் முட்டைகள் என்று 2023 இறுதியில் செய்தி வந்தபோது சிலர் நகைத்தார்கள். எனக்கு நகைக்கத் தோன்றவில்லை. பூசைக்குரிய கல்லை யாரும் உடைத்துச் சாலைக்குக் கொட்டுவதில்லை.

முட்டைகளைப் பற்றிப் பேசும்போது குஜராத்தின் தோலி டுங்ரியைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே 1980-களில் நிலவியலாளர் மொஹாபே எடுத்த கல்லில் இருந்தவை யாவும் டைனோசர் குஞ்சின் எலும்புகள் என்றே முதலில் கருதப்பட்டது. தொல்லுயிரியல் அறிஞர் ஜெஃப்ரி வில்சன் 2001-இல் அதைப் பார்த்தபோது, சில கணுக்கள் பாம்புக்குரியவை என்று கண்டுகொண்டார். உடைந்த முட்டையைச் சுற்றிச் சுருண்டு, அரை மீட்டர் நீளக் குஞ்சின் அருகே கிடந்த 3.5 மீட்டர்ப் பாம்பு அது. சனாஜே இண்டிகஸ் என்ற பெயரில் 2010-இல் அறிவிக்கப்பட்டது. மண்சரிவு ஒன்று மூன்றையும் ஒருசேர மூடியிருக்க வேண்டும்.

டைரனோசாரஸ் இந்தியாவில் வாழ்ந்ததா? (எட்டாம் வகுப்பு மாணவன், நாகர்கோவில்)

இல்லை, தம்பி. அது வட அமெரிக்காவின் விலங்கு. அதே காலத்தில் நம் நிலத்தில் வேட்டையாடியது ராஜாசாரஸ் நர்மதென்சிஸ். குஜராத்தின் ரையோலியில் 1980-களில் தோண்டி எடுத்த எலும்புகளுக்கு 2003-இல் இந்தப் பெயர் சூட்டப்பட்டது. அதன் நெற்றியில் குட்டையான ஒரு கொம்பு உண்டு. அதன் நெருங்கிய உறவு மடகாஸ்கரின் மஜுங்காசாரஸ், சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அந்தத் தீவும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன.

டைனோசர்கள் புல் தின்றனவா? (வாசகி, தஞ்சாவூர்)

புல் என்பதே டைனோசர்கள் அழிந்த பின் பெருகியது என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அந்த எண்ணத்தை மாற்றியது மகாராஷ்டிரத்தின் பிஸ்துராவில் கிடைத்த கல்லாகிய சாணம். வந்தனா பிரசாத், அசோக் சாஹ்னி உள்ளிட்ட குழுவினர் அதைக் கரைத்துப் பார்த்தபோது, புல்லிலைகளில் உருவாகும் நுண்ணிய மணல்சத்துத் துகள்கள் இருந்தன. 2005-இல் இது வெளியானது. 2011-இல் வந்த தொடர் ஆய்வு, அத்துகள்களில் நெல்லின் குலத்தைச் சேர்ந்தவையும் உண்டு என்றது. நெற்களஞ்சியத்திலிருந்து கேட்டீர்கள், ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே டைனோசர்கள் நெல்லின் முன்னோரை மேய்ந்திருக்கின்றன!

கல்லமேட்டில் இப்போது எதுவும் கிடைப்பதில்லையா? (வாசகர், ஜெயங்கொண்டம்)

கிடைக்கிறது, ஆனால் சிறிய அளவில். மண்ணை நீரில் கரைத்துச் சல்லடையில் அரித்துத் தேடும் முறையில், டிரூடான்டிட் என்னும் சிறிய ஊனுண்ணி வகையின் பல் ஒன்று கிடைத்ததாக 2013-இல் அறிவித்தார்கள். தென்கண்டங்களில் அவ்வகைக்குக் கிடைத்த முதல் சான்று என்பது ஆய்வாளர்களின் கருத்து. அரிசி மணி அளவேயான அந்தப் பல், எண்ணிடப்பட்டு டெல்லிப் பல்கலைக்கழகச் சேகரிப்பில் இருக்கிறது.