அந்தி வெயிலில் நாயைப் படமெடுக்க: கேள்வி பதில்

கே: மெரினாவில் எங்கள் வெள்ளை ராஜபாளையம் நாயை எடுத்தேன் சார். கடலும் மறையும் சூரியனும் ஒரே படத்தில் வரவில்லையே?

ப: வராது. அங்கே கடல் கிழக்கே, சூரியன் ஊருக்குப் பின்னால் இறங்குகிறது. கொழும்பு காலிமுகத்திடலில் என்றால் கிடைக்கும். மெரினாவில் ஊருக்கு முதுகு காட்டி நில்லுங்கள். நாயின் முகத்தில் மஞ்சள் வெயில், பின்னால் கடல். அதுவும் அழகுதான். வெள்ளை ரோமம் படம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சாம்பலாக்கும், எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவு) +0.7 ஏற்றுங்கள். பின்னணி இருட்டாக இருந்தால் நேர்மாறு: ரோமம் வெளுத்துப் போகும், -0.7 இறக்குங்கள். ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) ஆட்டோவில் இருந்தால் அந்தி மஞ்சளைக் கழுவிவிடும், ‘டேலைட்’டில் வையுங்கள்.

கே: எத்தனை மணிக்குப் போகலாம்?

ப: சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே. நம் பக்கம் சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக இறங்கும். நல்ல வெளிச்சம் கடைசி 40 நிமிடம்தான். அதற்குள் நாய் மோப்பம் பிடித்து அடங்கட்டும். முதலில் புறங்கையை மணலில் ஐந்து விநாடி வையுங்கள். சுட்டால் நாயை இறக்காதீர்கள்.

கே: எங்களுடையது கன்னி இன நாய், கறுப்பு. சூரியனைப் பின்னால் வைத்தால் முகமே தெரியவில்லை அண்ணா.

ப: சடை நாய்க்குத்தான் பின்வெயிலில் ரோம ஓரம் தகதகவென மின்னும். கன்னிக்குக் குட்டை ரோமம், மெல்லிய கோடுதான் விழும். நாயைச் சூரியனுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நாயின் மார்பு உயரத்தில் பிடிக்கட்டும். கண்ணில் வெள்ளைப் புள்ளி ஒன்று விழும். அது வந்தால்தான் கறுப்பு முகத்துக்கு உயிர். நீங்களும் தரையில் படுத்து, கண் மட்டத்தில் எடுங்கள்.

கே: ஓடும்போது மங்கலாகிறது.

ப: ஷட்டர் வேகம் 1/1600 விநாடியைவிட மெதுவாகக் கூடாது, உட்கார்ந்திருந்தால் 1/250 போதும். அப்பர்ச்சரை (லென்ஸின் துளை) முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 3200 வரை தயங்காமல் ஏற்றுங்கள். அதனால் படத்தில் வரும் புள்ளிகளைப் பிறகு குறைக்கலாம், அசைவு மங்கலைச் சரிசெய்ய முடியாது. சூரியன் நேராக லென்ஸில் விழுந்தால் ஃபோகஸ் தடுமாறும். ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் வெயில் மறைப்பு) மாட்டி, ஓரடி நகர்ந்து நில்லுங்கள்.

கே: போனில் நிழலுருவம் எடுக்க?

ப: வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்துப் பூட்டி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். நாய் பக்கவாட்டில் நிற்க வேண்டும், நான்கு காலும் தனித்தனியே தெரிய வேண்டும். போர்ட்ரெய்ட் மோடு வேண்டாம், காது நுனியைத் தின்றுவிடும். ஃப்ளாஷும் கூடாது: விழித்திரைக்குப் பின்னுள்ள படலம் ஒளியைத் திருப்பியடித்துக் கண் பச்சையாக எரியும்.