பன்னிரண்டு வயது மகள் ‘பிராட்சர்ச்’ பார்க்கலாமா?

வணக்கம். இரத்தக் காட்சிகள் குறைவு என்று நண்பர் சொன்னதை நம்பி, பன்னிரண்டு வயது மகளுக்கு இந்தப் பிரிட்டிஷ் தொடரைக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். நண்பர் சொன்னது உண்மைதான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுப்பது சரியாகாது என்று நினைக்கிறேன்.

2013இல் வந்த முதல் பருவம் (எட்டுப் பகுதிகள்), கடற்கரையில் சடலமாகக் கிடக்கும் பதினொரு வயதுச் சிறுவனில் தொடங்குகிறது. அவன் ஏறத்தாழ உங்கள் மகளின் வயதினன் என்பதே என் முதல் தயக்கம். கொலையைவிட, மகனை இழந்த தாயின் துயரத்தைத்தான் தொடர் நீண்ட நேரம் அருகிலிருந்து காட்டுகிறது. அண்டை வீட்டார், நண்பர்கள் என எல்லோர் மீதும் சந்தேகம் படர்வதால், பழகிய பெரியவர்களையே நம்ப முடியாதோ என்ற அச்சம் பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடக்கூடும். இடையில், பழிச்சொல் தாங்காமல் ஒருவர் தற்கொலை செய்துகொள்கிறார். கொலையாளியைச் சொல்லிச் சுவையைக் கெடுக்க மாட்டேன். எனினும் இறுதிப் பகுதி, ஒரு பெரியவர் சிறுவனிடம் கொண்ட தகாத ஈர்ப்பைப் பற்றியது என்பதை நீங்கள் முன்பே அறிந்திருக்க வேண்டும்.

2017இல் வந்த மூன்றாம் பருவம் முழுவதும் பாலியல் வன்கொடுமை விசாரணை என்பதால், அதை இப்போது தவிர்த்துவிடுங்கள். முதல் பருவத்தையும் பதினைந்து வயது வரை தள்ளிப்போடுவதே நல்லது. அதற்கு முன்பே காட்டத்தான் வேண்டுமென்றால், நீங்கள் முழுவதும் பார்த்துவிட்டு, பிறகு உடனமர்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பகுதி மட்டும் காட்டுங்கள்.