கைமாத்தும் கார்டும்

அன்புள்ள சார்,

எனக்கு வயது 29. மும்பை அந்தேரியில் ஒரு கூரியர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கையில் வருவது 38,000. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய பர்சனல் லோனுக்கு மாதம் 9,200 போகிறது, இன்னும் 14 மாதம் பாக்கி. வாடகை 13,000, ஊருக்கு 5,000. போன வருடம் 11 மாத அக்ரிமெண்ட் முடிந்து வீடு மாறியபோது டெபாசிட்டுக்கும் புரோக்கருக்குமாக நண்பனிடம் 40,000 கைமாத்து வாங்கினேன். இப்போது கேட்கிறான். தாதர் ஸ்டேஷன் பக்கம் கிரெடிட் கார்டு விற்கும் பையன் ஒருவன் 1,20,000 லிமிட் கிடைக்கும், 45 நாள் வட்டி இல்லை என்கிறான். அதில் பணம் எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிட்டு, மாதம் இரண்டாயிரமாகக் கட்டலாம் என்று பார்க்கிறேன். விண்ணப்பிக்கலாமா?

ம., சயான் கோலிவாடா

அன்புள்ள ம.,

வேண்டாம்.

அந்த 45 நாள், கடையில் பொருள் வாங்குகிறவருக்கு. அதுவும் போன பில்லை முழுதாகக் கட்டியிருந்தால்தான். ஏடிஎம்மில் ரொக்கம் எடுத்தால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். எடுப்பதற்கு இரண்டரை சதவீதம் போலக் கட்டணம் தனி. லிமிட் 1,20,000 என்றாலும் அதில் ஒரு பகுதியைத்தான் ரொக்கமாகத் தருவார்கள். பையன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். அவனுக்கு மாதம் இத்தனை ஃபாரம் என்று கணக்கு.

நீங்கள் கணக்கு எழுதுகிறவர், போட்டுப் பாருங்கள். மாதம் 3.5 சதவீதம் என்பது கார்டுகளில் சாதாரணம். 40,000க்கு 1,400. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 252. ஆக 1,652. நீங்கள் கட்டும் இரண்டாயிரத்தில் அசலுக்குப் போவது 348 ரூபாய். இப்படியே போனால் 43 மாதத்துக்கு மேல் ஆகும், மொத்தம் 86,000 சொச்சம் கட்டியிருப்பீர்கள். இடையில் அதே கார்டில் ஒரு செருப்பு வாங்கினாலும் அதற்கும் அன்றிலிருந்தே வட்டி.

எனக்கு இது தெரியும், நானே மாட்டினேன். பல வருடம் முன்பு ஒரு வங்கிக் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒழுங்காகக் கட்டுகிறோம் என்ற பெருமை வேறு! கடைசியில் என் மனைவி, பக்கத்து வீட்டு மராத்திப் பெண்களோடு போட்டிருந்த பிஷி என்ற சீட்டை எடுத்து அடைத்தாள். அந்தச் சீட்டு அவள் வளையலுக்காகப் போட்டது.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறு. பர்சனல் லோனை லோன் என்கிறீர்கள், நண்பனின் பணத்தைக் கைமாத்து என்கிறீர்கள். கைமாத்து என்று சொல்லும்போது அது கடன் மாதிரியே தோன்றுவதில்லை. நமக்கெல்லாம் அப்படித்தான். ஆனால் உங்களிடம் இருப்பதிலேயே வட்டியில்லாத ஒரே கடன் அதுதான். அதைப் போய் 42 சதவீதக் கடனாக மாற்றப் பார்க்கிறீர்கள். எதற்காக? நண்பனின் முகத்தைப் பார்த்து “இப்போது முழுதாக இல்லைடா” என்று சொல்ல வேண்டியிருக்கிறது. வங்கிக்கு முகம் கிடையாது. அந்தக் கூச்சத்தைத் தவிர்க்க நீங்கள் கொடுக்கப்போகும் விலை 46,000 ரூபாய்.

அவனிடம் பேசுங்கள். மாதம் 4,000, பத்து மாதம். லோன், வாடகை, ஊர் எல்லாம் போக உங்களிடம் 10,800 மிஞ்சுகிறது. சாப்பாடும் ரயில் பாஸும் அதற்குள். இறுக்கம்தான், பத்து மாதம் தாங்கும். வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லி ஊருக்கு அனுப்புவதில் ஆயிரம் குறையுங்கள்.

அவனுக்கு நிஜமாகவே மொத்தமாகத் தேவையென்றால், வீட்டில் ஒரு செயின் இருக்கிறதா பாருங்கள். வங்கியில் வைத்தால் வருடத்துக்குப் பத்து சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 40,000க்கு மாதம் 333. கார்டின் 1,652க்கு முன்னால் இது எங்கே! நகையை வைக்க வெட்கப்படுகிறவர்கள் கார்டைத் தேய்க்க வெட்கப்படுவதில்லை, இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அடகுக் கடைக்காரரிடம் மட்டும் போகாதீர்கள்.

விண்ணப்பித்துத்தான் பார்ப்போமே என்றும் இருக்க வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்பமும், உங்கள் கடன் வரலாற்றைச் சொல்லும் சிபில் அறிக்கையில் பதிவாகும். ஒன்று மறுத்து, இன்னொன்று போட்டு, அதுவும் மறுத்தால் பார்க்கிறவர்களுக்குப் பணத்துக்குப் பறக்கிறார் என்றே தோன்றும். அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே பார்க்கலாம், பாருங்கள்.

கார்டே தீண்டக்கூடாது என்று சொல்லவில்லை. இப்போது நானும் ஒன்று வைத்திருக்கிறேன், கரண்ட் பில்லும் ஊர் டிக்கெட்டும் அதில்தான். முழுத்தொகையும் தானாகவே கணக்கிலிருந்து போய்விடும்படி வைத்திருக்கிறேன். உங்கள் லோன் முடியட்டும், அப்போது 30,000 லிமிட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் அடுத்த 11 மாதம் வந்து நிற்கும். புரோக்கருக்கு ஒரு மாத வாடகையை இப்போதிருந்தே தனியாக எடுத்து வைக்க முடியுமா என்று பாருங்கள், ஐநூறு ஐநூறாகவாவது.

நண்பனிடம் சம்பளம் வந்த வாரம் போங்கள். முதல் நாலாயிரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். அதைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.